கவுன்சிலிங் பிள்ளைகளுக்கு உதவியதா என்று எதை வைத்துச் சொல்வது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். குழந்தைகள் நலக் குழு அனுப்பிவைக்கும் பிள்ளைகள்தான் எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பெண்கள், அபூர்வமாகப் பையன்கள். எல்லாமே போக்சோ (பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகள். அதில் ஒரு பகுதி, காதல் என்று நம்பிப் போய், அந்த ஆள் பிள்ளையை வைத்துப் பணம் பார்த்த வழக்குகள். இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்வது தனி ரகம். பாதிப் பேர் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே நினைப்பதில்லை. "அவரை ஏன் மிஸ் உள்ள வச்சிருக்காங்க?" என்றுதான் முதல் நாள் கேட்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு நிதி தருபவர்கள் இந்த முறை சேவையை மதிப்பீடு செய்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, நானே பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான். ஆனால் அவர்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எத்தனை செஷன், எத்தனை பிள்ளைகள், முன் மதிப்பெண், பின் மதிப்பெண், எத்தனை சதவீதம் முன்னேற்றம். கடைசிக் கட்டத்தில் "முழுமையாக மீண்டவர்கள் எண்ணிக்கை".

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஹோமிலிருந்து (பிள்ளைகள் காப்பகம்) வாராவாரம் அழைத்து வருவார்கள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து நகப்பூச்சைச் சுரண்ட ஆரம்பிப்பாள். கேட்டதற்கெல்லாம் "சரி மிஸ்". படம் வரையலாமா? சரி மிஸ். தண்ணீர் வேண்டுமா? சரி மிஸ். ஏதாவது பிடிக்கவில்லையா? அதற்கும் சரி மிஸ். இப்படியே பல வாரம் ஓடியது. ஒருநாள் உள்ளே வந்தவள் உட்காராமல், "இன்னைக்கு வேண்டாம் மிஸ். நான் வெளியில இருக்கேன்" என்றாள். போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பதிவேட்டில் நான் எழுத வேண்டியிருந்தது: "செஷன் நடைபெறவில்லை".

இந்த மாதிரி மாற்றத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? எந்த வினாத்தாளைப் பயன்படுத்துகிறீர்கள்? அதை நிரப்பச் சொல்வது நானாகவே இருக்கலாமா? பாதியில் வராமல் போனவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? எல்லாவற்றையும்விட, போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட், குழு என்று ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து வந்த பிள்ளையிடம் மறுபடி தோண்டாமல் இதைச் செய்ய முடியுமா? இதே வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.


ஓபி சீட்டு எழுதியது:

வணக்கம் மேடம். சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியலாளர். இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் நிறைய உண்டு.

முதலில் உங்கள் கடைசிக் கவலைக்குப் பதில். தோண்டத் தேவையே இல்லை. சேவையை மதிப்பிடுவதற்கு என்ன நடந்தது என்பது வேண்டாம், இப்போது எப்படி இருக்கிறாள் என்பது போதும். நடந்ததைக் கேட்கும் ஒரு வரிகூட உங்கள் தாளில் இருக்கக் கூடாது. இருந்தால் அடித்துவிடுங்கள்.

வினாத்தாள் என்றால் பலரும் கையில் எடுப்பது எஸ்டிக்யூ, பிள்ளையின் மனநிலை, நடத்தை பற்றிய பொதுவான தாள். ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது. 25 வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்கள். 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பலாம், தமிழிலும் கிடைக்கிறது, காகிதத்தில் பயன்படுத்தக் காசு கிடையாது. அதில் இரண்டு இடங்களில் கால் இடறும்.

ஒன்று, சாதாரணப் படிவம் கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. பிள்ளை வந்த மூன்றாம் மாதத்தில் அதே படிவத்தை மறுபடி கொடுத்தால், அவள் உங்களிடம் வருவதற்கு முந்தைய நாட்களும் பதிலில் கலந்துவிடும். இதற்கென்றே ஃபாலோ-அப் படிவம் தனியாக இருக்கிறது, அது கடந்த ஒரு மாதத்தைத்தான் கேட்கும். நான் பார்த்த பல அறிக்கைகளில் இதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது, உங்கள் வேப்பமரத்தடிப் பிள்ளை. அந்தத் தாளில் "சொன்னதைக் கேட்டு நடப்பேன்" என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். "நிச்சயமாக உண்மை" என்று டிக் அடித்தால் நடத்தைப் பிரச்சினைக்கு 0. "உண்மையில்லை" என்றால் 2. சாதாரணப் பள்ளிப் பிள்ளைக்கு இது பொருந்தலாம். பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வைத்தே சுரண்டப்பட்ட பிள்ளைக்கு? "சரி மிஸ்" காலத்தில் அவள் மதிப்பெண் அழகாக இருந்திருக்கும். "வேண்டாம் மிஸ்" என்று சொன்ன வாரத்தில் மோசமாகியிருக்கும். அதனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஐந்து பிரிவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். நடத்தைப் பிரிவு ஏறியிருந்தால் எந்த வாசகத்தால் ஏறியது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அதிர்ச்சியின் பின்விளைவுகளை அளக்க எஸ்டிக்யூ போதாது. நாங்கள் கூடவே வைத்துக்கொள்வது க்ரைஸ்-8. எட்டே கேள்விகள். நாலு, நினைவுகள் தானாக வந்து தொந்தரவு செய்வதைப் பற்றி. நாலு, நினைக்காமல் தவிர்ப்பதைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 3, 5 என்று மதிப்பெண், மொத்தம் 40. 17ஐத் தொட்டால் விரிவாகப் பார்க்கணும் என்று பொருள். ஒரு எச்சரிக்கை: சிகிச்சை சரியாகப் போகும்போது தவிர்ப்பது குறையும், அந்தச் சமயத்தில் நினைவுகள் கொஞ்சநாள் அதிகமாகலாம். இரண்டாம் மாதத் தாளைப் பார்த்து அலறிவிடாதீர்கள். இன்னொன்று, தாளின் ஓரத்தில் அடுத்த கோர்ட் தேதியைக் குறித்து வையுங்கள். சாட்சி சொல்லப் போகும் வாரத்தில் எடுத்த மதிப்பெண் கவுன்சிலிங்கை அளப்பதில்லை, கோர்ட் பயத்தைத்தான் அளக்கிறது.

அடுத்தது பெரிய சிக்கல். முன் 24, பின் 15 என்றால் ஒன்பது குறைந்தது உங்களாலா, நாள் போனதாலா? மோசமான நிலையில் வருகிற பிள்ளைகள் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு தணிவார்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் இதைப் பிரிக்க முடியாது. பிரிட்டனில் என்எஸ்பிசிசி என்ற குழந்தைகள் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் நடத்தும் 'லெட்டிங் த ஃப்யூச்சர் இன்' என்ற சிகிச்சைச் சேவையை பிரிஸ்டல், டர்ஹம் பல்கலைக்கழகத்தார் ஆய்வு செய்து 2016இல் அறிக்கை வெளியிட்டார்கள். 242 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே சிகிச்சை, மற்றவர்களுக்கு ஆறு மாதக் காத்திருப்பு. சிகிச்சை பெற்ற எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில், கடும் பாதிப்பு நிலையில் இருந்தவர்கள் 73 சதவீதத்திலிருந்து 46 ஆகக் குறைந்தார்கள். காத்திருந்தவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் இல்லை. எட்டு வயதுக்குக் கீழே ஆறு மாதத்தில் பலன் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆய்வில் பிடித்ததே அதுதான். அது பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளுக்கான பொதுவான சேவை, உங்களிடம் வருகிற சுரண்டல் வழக்குகளுக்கென்று தனியாக நடந்ததல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் யாரையும் வேண்டுமென்றே காக்க வைக்கக் கூடாது, வைக்கவும் முடியாது. ஆனால் குழு கடிதம் அனுப்பிய நாளுக்கும் முதல் செஷனுக்கும் இடையில் எப்படியும் சில வாரம் போகிறதல்லவா? கடிதம் வந்த உடனே ஒரு தாள், முதல் செஷனன்று ஒரு தாள். ஒன்றும் செய்யாமலே எவ்வளவு மாறியது என்று ஓரளவு தெரிந்துவிடும். பக்காவான ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன், ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

சுரண்டல் வழக்குகளுக்கு இன்னும் நெருக்கமானது, பர்னார்டோஸ் என்ற பிரிட்டன் குழந்தைகள் தொண்டு அமைப்பின் சேவைகளைப் பற்றி 2006இல் வந்த மதிப்பீடு. அவர்கள் மனநல மதிப்பெண்ணோடு நிற்கவில்லை. காணாமல் போவது குறைந்ததா, ஆபத்தான ஆட்களோடு தொடர்பு குறைந்ததா, தங்குமிடம் நிலைத்ததா, தனக்கு நடப்பது சுரண்டல் என்று இனம் காண முடிகிறதா, தன் உரிமை என்ன என்று தெரிகிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். பிள்ளை வரவில்லை என்றால் ஃபைலை மூடாமல் தேடிப் போவதைச் சேவையின் முக்கியமான பகுதியாகவே எண்ணினார்கள். "அவரை ஏன் உள்ள வச்சிருக்காங்க" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த அளவுகோல்தான் சரி.


கருப்புக்கோட்டு எழுதியது:

போக்சோ நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட தரப்புக்காக ஆஜராகும் வக்கீல். மதிப்பீடு எனக்குத் தெரியாது. தாள் கோர்ட்டுக்கு வந்தால் என்னாகும் என்பது தெரியும்.

உங்கள் கேஸ் ஃபைலை வரவழைக்கச் சொல்லி எதிர்த்தரப்பு மனு போடலாம். அதனால் மதிப்பீட்டுத் தாளில் பெயர் வேண்டாம், வழக்கு எண் வேண்டாம், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் வேறு பூட்டில் இருக்கட்டும். சம்பவத்தைப் பற்றிப் பிள்ளை சொன்னதை உங்கள் வார்த்தையில் எழுதி வைத்தால், மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த 164 வாக்குமூலத்துக்கும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு, புதிய சட்டத்தில் 183) அதற்கும் ஒரு வார்த்தை மாறினாலும் குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துத் தொங்குவார்கள். ஓபி சீட்டு சொன்னதுபோல அதைக் கேட்காமலிருப்பதே எல்லா வகையிலும் நல்லது.

ஒருவேளை மதிப்பீட்டுக்காகப் பேசும்போது பிள்ளை புதிதாக வேறொரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டால்? போக்சோ 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. வெளியிலிருந்து ஆய்வாளர் வந்தால் அவருக்கும் இதுவேதான், "நான் ஆராய்ச்சிக்காக வந்தவன்" என்பது செல்லாது. ஆகவே "நீ சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்று யாரும் பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். எது தாண்டும், எது தாண்டாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிதி தருபவர்கள் படம் கேட்பார்கள், "வெற்றிக் கதை" கேட்பார்கள். முகத்தை மறைத்தாலும் ஊர், பள்ளி, வயது, அப்பாவின் தொழில் என்று சேர்த்து எழுதினால் அந்த ஊர்க்காரனுக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். போக்சோ 23, சிறார் நீதிச் சட்டம் 74 இரண்டும் இதைத்தான் தடுக்கின்றன.

அப்புறம், தண்டனை கிடைத்ததா என்பதை உங்கள் சேவையின் பலனாக எழுதவே எழுதாதீர்கள். ஓராண்டுக்குள் கூடுமானவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ 35ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும். பிள்ளை பிறழ் சாட்சியானால் அதற்குப் பின்னால் தாய்மாமனில் தொடங்கி பஞ்சாயத்து வரை ஆயிரம் பேர் இருப்பார்கள். கவுன்சிலரை அதில் மாட்டிவிட வேண்டாம். வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

ஏற்கனவே இருக்கிற ஒரு தகவலைப் பலரும் பயன்படுத்துவதில்லை. 2020 போக்சோ விதிகளின்படி, வழக்கு முடியும் வரை பிள்ளையின் உடல், மன நிலை, குடும்பச் சூழல், அதிர்ச்சியிலிருந்து மீண்டு வருவது பற்றியெல்லாம் சப்போர்ட் பெர்சனிடம் (வழக்கு நடக்கும்போது பிள்ளைக்குத் துணையாக நியமிக்கப்படுபவர்) குழு மாதாமாதம் அறிக்கை கேட்டு வாங்க வேண்டும். குழுவின் அனுமதியோடு அதைப் பார்த்தால் பிள்ளையிடம் புதிதாகக் கேட்க வேண்டியது பாதியாகக் குறையும். பல மாவட்டங்களில் "நலமாக உள்ளார்" என்ற ஒரே வரியை மாதாமாதம் நகலெடுத்து வைத்திருப்பார்கள் என்பது வேறு கதை. அப்படி இருந்தால் அதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதுங்கள்.


ரிட்டயர்டு வார்டன் எழுதியது:

ஹோம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றே ஒன்று சொல்கிறேன் கண்ணு. "ஓடிப்போகவில்லை" என்பதை அப்படியே நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதே. கேட்டில் இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, ஓடிப்போனவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று அறிக்கை கொடுத்த இடங்கள் எனக்குத் தெரியும். வெளியே போக அனுமதி கிடைத்த பிள்ளை சாயங்காலம் தானாகத் திரும்பி வந்ததா என்று பார்.

ராத்திரி வார்டனைக் கேள். லைட்டை அணைத்துத் தூங்குகிறதா, கதவுப் பக்கம் பார்த்துப் படுக்கிறதா, எழுந்து எழுந்து பாத்ரூம் போகிறதா, சோறு தட்டில் மிச்சம் வைக்கிறதா. ஆபீசில் உட்கார்ந்து கவுன்சிலர் பார்க்காததையெல்லாம் சமையல்காரம்மா பார்த்திருப்பாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அவளிடம் பிள்ளையின் கேஸைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதே, மறுநாள் ஹோம் முழுக்கத் தெரியும்.

சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைக்கு ஹோமில் எப்போதும் நல்ல ரிப்போர்ட்தான். அதை நம்பாதே.


பேர் வேண்டாம் எழுதியது:

இந்தத் திரியைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். இப்போது வேலைக்குப் போகிறேன், நன்றாக இருக்கிறேன், கேஸைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

எங்களுக்கும் தாள் கொடுப்பார்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம் போட்ட தாள். எனக்குப் பதினாறு வயது, எல்கேஜி பிள்ளைக்குக் கொடுப்பது மாதிரி. எல்லாவற்றிலும் சிரிக்கிற முகத்தையே வட்டம் போட்டேன். ஏன் தெரியுமா? அழுகிற முகத்தைப் போட்டால் "இன்னும் சரியாகல" என்று வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடுவார்கள் என்று ரூமில் எல்லோரும் பேசிக்கொண்டோம். உண்மையா பொய்யா தெரியாது. ஆனால் அந்தப் பயத்தில்தான் எல்லோரும் நிரப்பினோம். தாளுக்கும் வீட்டுக்குப் போவதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால் வேறு மாதிரிப் போட்டிருப்பேன்.

தாளைக் கொடுப்பதும் எங்கள் மிஸ்தான். அவங்க எனக்காக எவ்வளவோ செய்தவங்க. அவங்க முகத்துக்கு நேராக "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று எப்படி எழுதுவது?

எனக்கு எது உதவியது என்று கேட்டால், மூச்சுப்பயிற்சி எல்லாம் ஞாபகம் இல்லை. கோர்ட்டில் அந்த மிஸ் கூட வந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்கணும், உள்ளே போனதும் எந்தப் பக்கம் நிற்கணும், அந்த ஆள் எதிரில் வந்தால் என்ன செய்யணும் என்று முந்தின வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் அம்மாவை உட்காரவைத்துப் பேசினார்கள். அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். அது எந்தத் தாளிலும் கேட்கப்படவில்லை.

பதினெட்டு முடிந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. எனக்கு ரொம்ப மோசமான காலம் அதற்கு அப்புறம்தான் வந்தது, வேலைக்குப் போன இடத்தில். பழைய நம்பருக்குப் போன் போட்டேன், எடுத்தார்கள். எடுத்தது பெரிய விஷயம். ஆனால் உங்கள் கணக்கில் நான் எப்போதோ "முடிந்த கேஸ்" ஆகியிருப்பேன்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேர் வேண்டாம் தங்கச்சி, உங்கள் பதிவை எங்கள் அலுவலகக் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டலாமா? வேண்டாம் என்றால் சொல்லுங்கள், காட்ட மாட்டேன்.

இப்போதைக்கு நாங்கள் முடிவு செய்திருப்பது இது. தாளை நான் கொடுக்கப் போவதில்லை. பக்கத்து மாவட்டத்தில் இதே வேலை செய்யும் அமைப்பின் ஆள் வந்து எங்கள் பிள்ளைகளிடம் கொடுப்பார், அவர்கள் பிள்ளைகளிடம் எங்களில் ஒருவர். யாருக்கும் செலவில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதி, வாயாலும் சொல்லப் போகிறோம். எஸ்டிக்யூ ஃபாலோ-அப் படிவமும் க்ரைஸ்-8ம் எடுத்துக்கொள்கிறோம். அதோடு எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களே சொல்லும் கேள்விகளில் சிலதைச் சேர்க்கிறோம். நேற்று ஒருத்தி சொன்னது: "மிஸ்கிட்ட கோவப்பட முடியுதான்னு கேளுங்க."

சதவீதம் போடுவதாக இல்லை. இருக்கிற பிள்ளைகளே சொற்பம், ஒருத்தி நின்றுவிட்டால் சதவீதம் குதிக்கும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று முழு எண்ணாகவே எழுதுவோம். பாதியில் நின்றவர்களை நீக்காமல் தனி வரிசையில் வைத்து, தேடிப் போனோமா, கிடைத்தார்களா, என்ன சொன்னார்கள் என்று எழுதுவோம். அறிக்கையில் ரொம்ப நீளமான பகுதி அதுவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. பதினெட்டு தாண்டியவர்களை என்ன செய்வது என்றுதான் இன்னும் புரியவில்லை. சிறார் நீதிச் சட்டத்தில் 21 வயது வரை பின்பராமரிப்புக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது நிறுவனப் பராமரிப்பில் இருந்து வெளியே போகிறவர்களுக்கு. வீட்டுக்குப் போய்விட்டவர்களைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினால், கல்யாணமாகியிருந்தால், புகுந்த வீட்டுக்குத் தெரியாமலிருந்தால்?


ஓபி சீட்டு எழுதியது:

தேடிப் போகாதீர்கள். சேவை முடியும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "ஒரு வருஷம் கழித்து உன்னைத் தொடர்புகொள்ளலாமா? எந்த நம்பரில், என்ன பெயர் சொல்லி, எந்த நேரத்தில்?" தையல் கிளாஸ் டீச்சர் என்று சொல்லச் சொன்னால் தையல் கிளாஸ் டீச்சர்தான். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், "வேண்டாம் என்றவர்கள் இத்தனை பேர்" என்று எழுதினால் போதும். ஏற்கனவே முடிந்துபோன கேஸ்களுக்கு உங்கள் பழைய நம்பரை உயிரோடு வைத்திருப்பது ஒன்றுதான் வழி. யார் கூப்பிட்டார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று பெயரில்லாமல் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள், அதுவும் மதிப்பீடுதான்.


பேர் வேண்டாம் எழுதியது:

படித்துக் காட்டுங்க அக்கா. வேலைக்குப் போன இடம் என்கிற வரியை மட்டும் எடுத்துவிடுங்க.


வைகைக்கரை எழுதியது:

எடுத்துவிடுகிறேன் பா. நன்றி.

கடைசியாக வக்கீல் சாரிடம் ஒன்று. அந்த "முழுமையாக மீண்டவர்கள் எண்ணிக்கை" கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பிரச்சினை வருமா?


கருப்புக்கோட்டு எழுதியது:

காலியாக விடாதீர்கள் மேடம். காலியாக விட்டால் அதை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள். "பொருந்தாது" என்று எழுதி, ஏன் என்று இரண்டு வரியில் சொல்லி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.